பார்பெக்யூ யாருடைய சமையல்? விறகு தள்ளிக்கொண்டே ஓர் இழை

கரிமூட்டம் | ஹூஸ்டன் | சனி, அதிகாலை 2:10

தூக்கம் வருது, தூங்க வழியில்லை. கொல்லைப்புறத்துல புகையடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. உள்ளே ஆறு கிலோ மாட்டு நெஞ்சுக்கறி, இங்கே ப்ரிஸ்கெட்னு சொல்ற துண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஏத்தினேன். முக்கால் மணிக்கு ஒருதரம் ஒரு ஓக் விறகு தள்ளணும். அடுப்புச் சூடு 120 டிகிரி செல்சியஸ்ல நிக்கணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இதே பொழப்புதான். சும்மா கொட்டாவி விடறதுக்கு ஒரு இழையாவது போடுவோம்.

போன வாரம் ஒரு விருந்துல நம்ம ஆள் ஒருத்தர், "பார்பெக்யூன்னா என்னங்க, கபாப்தானே, அமெரிக்காக்காரன் பேரை மாத்தி வச்சுட்டான்"னு சொன்னார். பதில் வாய் வரைக்கும் வந்துச்சு, கோர்வையா சொல்ல வரலை. இப்ப சொல்றேன்.

தணல் மேல கறியை வாட்டி பத்து, இருபது நிமிஷத்துல எடுத்தா அது சுடறது. இங்கே கிரில்னு சொல்வாங்க. நாடு முழுக்க ஞாயித்துக்கிழமை கொல்லையில பர்கர் சுடறதையும் பார்பெக்யூன்னு சொல்றவங்க உண்டு. ஆனா தெற்கு மாநிலத்துக்காரங்ககிட்ட அப்படிச் சொல்லிப் பாருங்க, முகத்தைத் திருப்பிக்குவாங்க. அவங்களுக்கு அது மட்டான சூட்டுல, விறகுப் புகையில, மணிக்கணக்கா வேகிற கறி. சட்டுன்னு சுட்டா மெல்லவே முடியாத துண்டைத்தான் இதுக்கு எடுப்பாங்க.

பேரு வந்தது கரீபியன் தீவுகள்ல இருந்து. அங்கே தாயினோ மக்கள் கம்பு நட்டு மேலே குச்சி அடுக்கிக் கட்டற சட்டத்துக்கு பர்பகோவான்னு பேரு. 16ஆம் நூற்றாண்டுல ஓவியேடோங்கிற ஸ்பானிய வரலாற்றாசிரியர் எழுதி வச்சிருக்கார். மீன், கறி வாட்ட மட்டும் இல்ல, ஏறிப் படுக்கவும் தானியம் வைக்கவும் அதே சட்டம்தான். நமக்கு விளக்கமே வேண்டாம், பரண். "தாடியில இருந்து வால் வரைக்கும்"னு அர்த்தம் வர்ற பிரெஞ்சுத் தொடர்ல இருந்து வந்ததுன்னு இணையத்துல ஒரு கதை சுத்துது. அது பொய்.

---

வைகைக்கரை | மதுரை | சனி (உங்க ஊர்ல 2:40)

பரணா! சோளக்காட்டுக் காவல் பரணுக்குக் கீழே தீ மூட்டின மாதிரி நினைச்சுக்கிட்டேன். அண்ணே, ரெண்டு சந்தேகம். பன்றி பன்றின்னே அந்த ஊர்ப் படம் எல்லாத்துலயும் வருதே, அது அந்த மண்ணு மிருகமா? அப்புறம், ஆட்டுக்கறி கிடையவே கிடையாதா?

(யாராவது "சங்க காலத்துலயே நாம சுட்டோம்"னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: சுட்டோம். இந்த இழை அதைப் பத்தி இல்ல.)

---

பழைய_பேப்பர் | ரிச்மண்ட், வர்ஜீனியா | அதிகாலை 3:25

எனக்கும் தூக்கம் கெட்டது. பன்றி அந்த மண்ணுடையது அல்ல, தம்பி. 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியத் தளபதி ஃபுளோரிடாவில் இறங்கியபோது ஓட்டி வந்த மந்தைதான் வட அமெரிக்கத் தெற்கில் பன்றிக்கு முதல் பெரிய வரவு. பிற்காலத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் கொண்டுவந்தார்கள். கொட்டில் வேண்டாம், தீவனம் வேண்டாம். காட்டில் விட்டால் ஓக் கொட்டையைத் தின்று கொழுக்கும். மாடு வளர்க்க மேய்ச்சல் நிலம் வேண்டும். ஏழை நாட்டுக்குப் பன்றி வசதி.

ஆனால் சமைக்கும் முறை இந்த மண்ணுடையது. 1585இல் ஜான் ஒயிட் என்ற ஆங்கிலேய ஓவியர் இப்போது வட கரோலினா என்கிற கடற்கரையில் பழங்குடியினர் மரச்சட்டத்தின் மேல் மீன் வாட்டுவதை வரைந்திருக்கிறார். நான்கு கால், மேலே குச்சி, கீழே தீ. நீங்கள் சொன்ன அதே பரண்.

காலனி நாட்களிலேயே இது விருந்தின் பெயர் ஆகிவிட்டது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில், பன்றியை முழுசாகச் சமைப்பதற்கு மேற்கிந்தியத் தீவுகளில் வழங்கும் சொல் என்று இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் 1769 மே மாத நாட்குறிப்பில், அலெக்ஸாண்ட்ரியாவுக்கு ஒரு பார்பெக்யூவுக்குப் போனேன், இரவு அங்கேயே தங்கினேன் என்று குறித்திருக்கிறார். 1793இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியபோதும் ஒரு முழுக் காளையைச் சமைத்து ஊர் சாப்பிட்டது.

இதில் சாப்பிட்டவர் பெயர் எழுதியிருக்கிறது, கவனியுங்கள். இத்தனை பேருக்கு எப்படிச் சமைப்பது? இடுப்பளவு ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்ட வேண்டும். பக்கத்தில் தனியாக ஹிக்கரி, ஓக் விறகை எரித்துத் தணலாக்கி, மண்வெட்டியால் அள்ளி அள்ளிக் குழிக்குள் பரப்ப வேண்டும். குறுக்கே கம்பு போட்டு முழு உடலைக் கிடத்தி, ராத்திரி முழுக்கக் காவல் இருந்து புரட்ட வேண்டும். வர்ஜீனியாவில் அந்த மண்வெட்டி யார் கையில் இருந்திருக்கும்?

---

சார்லட்_சங்கர் | வட கரோலினா | சனி, காலை 5:05

காலங்காத்தால எழுந்து பார்த்தா ஹூஸ்டன்காரர் மாட்டுக்கறியை வச்சுக்கிட்டு பார்பெக்யூ வகுப்பு எடுக்கறார். சார், எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்குப் பன்றின்னு மட்டும்தான் அர்த்தம். நீங்க செய்யறது நல்ல மாட்டுக்கறி, அவ்வளவுதான்.

கிழக்குக் கரோலினாவுல முழுப் பன்றி. குழம்பு, சாஸ் ஒண்ணும் கிடையாது. வினிகர், உப்பு, மிளகாய்த்தூள். அய்டன்னு ஒரு சின்ன ஊர், அங்கே 1947ல ஆரம்பிச்ச ஸ்கைலைட் இன்னுக்கு ஒருதரம் போங்க. வாசல்ல நிக்கும்போதே சத்தம் கேட்கும். ஒருத்தர் ரெண்டு கையிலயும் வெட்டுக்கத்தி வச்சுக்கிட்டு மரக்கட்டை மேல டக்டக்டக்னு கொத்திக்கிட்டே இருப்பார், நம்ம கொத்து பரோட்டா மாதிரி. கறியோட மொறுமொறுப்பான தோலையும் சேர்த்துக் கொத்தி, மேல வினிகரைத் தெளிச்சு, ஒரு அட்டைத் தட்டுல வச்சுத் தருவாங்க. கூட ஒரு சோளரொட்டி, ஒரு முட்டைக்கோஸ் பச்சடி. அவ்வளவுதான் மெனு.

மாநிலத்தோட நடுவுல லெக்ஸிங்டன் பக்கம் வந்தா முழுப் பன்றி கிடையாது, தோள்பட்டை மட்டும். வினிகர்ல கொஞ்சம் தக்காளி கெச்சப் கலந்துடுவாங்க. இந்த ஒரு கரண்டி கெச்சப்புக்காகக் கிழக்கும் மேற்கும் பல தலைமுறையா முட்டிக்குது. தென் கரோலினாவுல ஜெர்மன் குடியேறிகள் வந்த பகுதியில மஞ்சளா கடுகு சாஸ். அலபாமாவுல டிகேட்டர்ங்கிற ஊர்ல 1925ல பிக் பாப் கிப்சன்னு ஒருத்தர் மயோனைஸ்ல வினிகர் கலந்து வெள்ளை சாஸ் கண்டுபிடிச்சார், கோழிக்கு. அதைப் பத்தி நான் கருத்து சொல்ல மாட்டேன்.

---

கரிமூட்டம் | சனி, காலை 6:15

சங்கர், நீங்க ஆரம்பிப்பீங்கன்னு தெரியும் :-)

இங்கே நிலவரம்: கறிக்குள்ளே செருகின வெப்பமானி 68ல நின்னவன் நின்னவன்தான். ஒண்ணேகால் மணி நேரமா ஒரு டிகிரி ஏறலை. முதல் தடவை செஞ்சப்ப அடுப்பு அணைஞ்சு போச்சுன்னு பதறிப்போய் விறகை அள்ளிப் போட்டுக் கறியைக் கரியாக்கினேன். விஷயம் என்னன்னா, கறியில இருந்து கசியற ஈரம் ஆவியாகும்போது அதுவே கறியைக் குளிர வைக்குது, மண்பானைத் தண்ணி மாதிரி. அடுப்பு கொடுக்கற சூடும் ஆவி எடுத்துக்கிட்டுப் போற சூடும் சரிக்குச் சரி நிக்கும். ஈரம் குறைஞ்சதும் தானா ஏறும். அவசரம்னா பழுப்புக் காகிதத்துல சுத்திடலாம். சுத்திட்டேன்.

இதுக்கு ஏன் இத்தனை நேரம்னா, நெஞ்சுத் துண்டுல கொலாஜன்னு ஒரு நார்ப்பொருள் நிறைய. அது மெதுவா உருகி ஜெலட்டினா மாறினாத்தான் கறி இளகும். வெட்டும்போது ஓரத்துல தெரியற இளஞ்சிவப்பு வளையம் வேகாத கறி இல்ல. புகையில இருக்கற நைட்ரிக் ஆக்சைடு கறியோட மயோகுளோபினைப் பிடிச்சுக்கிட்டதால நிக்கற நிறம்.

டெக்சஸ் கதைக்கு வருவோம். நடு டெக்சஸ்ல ஜெர்மன்காரங்களும் செக் நாட்டுக்காரங்களும் வந்து கசாப்புக் கடை வச்சாங்க. எல்கின்ல சவுத்சைட் மார்க்கெட், 1882ல தொடங்கினதுன்னு சொல்வாங்க. லாக்ஹார்ட்ல க்ரூஸ் மார்க்கெட், 1900. குளிர்பதனம் கிடையாத காலம். விக்காம நின்ன கறியைப் புகை போட்டு வச்சாங்க, கூட சாசேஜும். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரங்க கடையிலயே வாங்கி, மடிச்ச காகிதத்தையே தட்டாக்கி, உப்பு பிஸ்கட்டோட தின்னாங்க. அந்தக் காகிதமும் முள்கரண்டி கொடுக்காத பழக்கமும் இப்ப ஸ்டைல் ஆயிடுச்சு. அன்னைக்கு அது வசதி இல்லாமை. ப்ரிஸ்கெட்டுக்குன்னு தனியா பேர் வந்தது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம்தான்.

---

தணல்தங்கம் | அட்லாண்டா | காலை 8:30

எல்லாம் படிச்சேன். தாயினோ வந்தாச்சு, ஸ்பானியன் வந்தாச்சு, ஜெர்மன், செக், மயோனைஸ் வரைக்கும் வந்தாச்சு. மண்வெட்டி யார் கையிலன்னு பேப்பர் சார் ஒரு கேள்வி கேட்டு அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஒருத்தரும் பதில் சொல்லலை. பூகோளம் பேசறது சுலபம்.

நான் சொல்றேன். 1930கள்ல அமெரிக்க அரசு வேலையில்லாத எழுத்தாளர்களை அனுப்பி, அடிமையா இருந்து உயிரோட இருந்தவங்ககிட்ட வாக்குமூலம் வாங்கிச்சு. ரெண்டாயிரத்துக்கும் மேல இருக்கு. அதுல வெஸ்லி ஜோன்ஸ்னு ஒருத்தர். தென் கரோலினாவுல யூனியன் கவுன்ட்டி, வயசு 97. பார்பெக்யூவுக்கு முதல் நாள் ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுக் கறியைப் பார்த்துக்கிட்டது நான்தான்னு சொல்றார். நீளமான கம்பு நுனியில மெத்துன்னு ஒரு துணியைச் சுத்தி, சாஸ்ல முக்கி, தீயில சொட்டற அளவுக்கு விடிய விடியத் தடவிக்கிட்டே இருப்பாராம். சொட்டற ஒவ்வொரு துளியும் தணல்ல பட்டுப் புகையாத் திரும்ப ஏறும்ல, அதுதான் சூட்சுமம்.

சாஸ்ல என்னென்னன்னும் சொல்றார்: வினிகர், மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொஞ்சம் சேஜ் இலை, கொத்தமல்லி, பேசில், வெங்காயம், பூண்டு. சில பேர் கொஞ்சம் சர்க்கரையும் போடுவாங்களாம். சங்கர், உங்க "வினிகர், உப்பு, மிளகாய், அவ்வளவுதான்" பாட்டன் காலத்துல இத்தனை வாசனையோட இருந்திருக்கு.

இந்த மனுஷர் யாருக்காகச் சமைச்சார்? வெள்ளைக்காரங்க உட்பட ஊரே கூடற பெரிய விருந்துக்கு.

---

புகைப்பகை | சான் ஹொசே | காலை 9:10

நல்லாப் போய்க்கிட்டிருந்த இழை. சாப்பாட்டுல எதுக்குங்க இனம், அரசியல் எல்லாம்? எவன் சமைச்சா என்ன, ருசியா இருக்கான்னு பார்ப்போம். தெற்குல வெள்ளையர் கறுப்பர் எல்லாரும் சேர்ந்து தின்ன ஒரே சாப்பாடு இதுதான்னு எங்கயோ படிச்சேன்.

---

வாதி_பிரதிவாதி | நியூ ஜெர்சி | காலை 10:20

புகைப்பகை சார், சேர்ந்து தின்றார்களா என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. கட்சிக்காரர் ஒரு பார்பெக்யூ கடை.

அலபாமாவின் பர்மிங்காமில் ஆலீஸ் பார்பெக்யூ. 1927இல் தொடங்கிய குடும்பக் கடை, 220 பேர் உட்காரலாம். 36 வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்கள். கறுப்பர் சமைத்தார்கள், கறுப்பர் பரிமாறினார்கள். ஆனால் கறுப்பர் வந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். 1964இல் இப்படிப்பட்ட இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும், எங்கள் கடை உள்ளூர்க் கடை, மத்திய அரசுக்கு இங்கே என்ன வேலை என்று வழக்குப் போட்டார்கள்.

அரசுத் தரப்பு என்ன செய்தது தெரியுமா? கறிக் கணக்கை எடுத்தது. முந்தைய 12 மாதத்தில் கடை வாங்கிய உணவுப் பொருள் சுமார் 1,50,000 டாலர். அதில் 69,683 டாலருக்கு வாங்கியது கறி, அதாவது 46 சதவீதம். விற்றவர் உள்ளூர் வியாபாரிதான், ஆனால் அவர் அதைத் தருவித்தது வெளி மாநிலத்திலிருந்து. மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அரசியல் சட்டம் அதிகாரம் தருகிறது. அந்தக் கறி எல்லை தாண்டி வந்ததே போதும் என்று 1964 டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கட்ஸன்பாக் எதிர் மெக்லங் என்பது வழக்கின் பெயர். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

மனித மரியாதையைப் பற்றிய சட்டம் மாட்டுக்கறி, பன்றிக்கறி பில்லின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. படித்த நாளிலிருந்து எனக்கு இது ஜீரணமாகவில்லை.

இன்னொன்று, சங்கர் சொன்ன மஞ்சள் கடுகு சாஸுக்குப் பேர்போன பிக்கி பார்க். தென் கரோலினாவில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் கடைகள். அதன் உரிமையாளர் மாரிஸ் பெசிங்கர், இந்தச் சட்டம் கடவுளின் சித்தத்துக்கே விரோதம் என்று வாதாடினார். 1968இல் உச்ச நீதிமன்றம் அதை வாதமாகவே மதிக்கவில்லை.

கை மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம். தமிழில் இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

---

புகைப்பகை | காலை 10:45

இந்த வழக்கு தெரியாது. தகவலுக்கு நன்றி. ஆனா ஒரு கேள்வி: அடிமைத்தனம் இருந்த இடத்துல எல்லா வேலையும் அவங்கதான் செஞ்சாங்க. பார்பெக்யூ மட்டும் ஏன் "அவங்க சமையல்" ஆகணும்? வீடு கட்டினதும் அவங்கதானே?

---

தணல்தங்கம் | காலை 11:20

கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டுக்கு வரைபடம் முதலாளிகிட்ட இருந்தது. குழி அடுப்புக்கு வரைபடம் கிடையாது. எந்த விறகு, எத்தனை தணல், எப்பப் புரட்டணும், தடவறதுல என்ன போடணும், எல்லாமே நிக்கறவன் மூக்குலயும் கையிலயும். ராத்திரி ரெண்டு மணிக்கு முதலாளி அங்கே நின்னதில்லை. (நீங்க நிக்கறீங்க, கரிமூட்டம், புண்ணியவான்.) மரச்சட்டம் பழங்குடியோடது, பன்றி ஐரோப்பாவோடது, அந்த ரெண்டையும் ஒரு தொழிலா ஆக்கினது இவங்க. நான் முழு உரிமைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லலை, பேரைச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

அப்புறம், விடுதலை ஆனதும் அவங்க முதல்ல கையில எடுத்துக்கிட்டுப் போன தொழில்கள்ல இதுவும் ஒண்ணு. கன்சாஸ் சிட்டியில ஹென்றி பெர்ரின்னு ஒருத்தர், மெம்பிஸ் பக்கத்துல பிறந்தவர். 1908 வாக்குல ஒரு சந்துல அடுப்பு போட்டு, புகைச்ச கறியைச் செய்தித்தாள்ல சுத்தி 25 சென்ட்டுக்கு வித்தார். மாடு, பன்றி மட்டும் இல்ல, ரக்கூன், பொஸம் மாதிரி காட்டு விலங்குகளும் கூட. அவர் சாஸ் சுள்ளுன்னு காரமா இருக்குமாம். இன்னைக்கு கன்சாஸ் சிட்டி பேர் சொல்லி பாட்டில்ல வர்ற வெல்லப்பாகு மாதிரி சாஸை அவர் பார்த்தா என்ன சொல்வாரோ. 1940ல செத்தார். அவர்கிட்ட வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை எடுத்தார், அப்புறம் தம்பி ஆர்தர் பிரையன்ட். அந்த ஊர் பார்பெக்யூவோட வேர் அந்தச் சந்துலதான்.

---

பழைய_பேப்பர் | நண்பகல் 12:05

இன்னொரு பக்கமும் உண்டு. கறி வேகும் இடம் ஆட்கள் சந்தேகமில்லாமல் கூடும் இடம். 1831 ஆகஸ்ட் 21, ஞாயிறு. எங்கள் வர்ஜீனியாவின் சவுதாம்ப்டன் கவுன்ட்டியில் காட்டுக்குள் சில அடிமைகள் கூடினார்கள். ஹார்க் ஒரு பன்றி கொண்டுவந்தார், ஹென்றி பிராந்தி கொண்டுவந்தார். பிற்பகலில் அவர்கள் தலைவர் நாட் டர்னர் வந்து சேர்ந்தார். சாப்பிட்டுக்கொண்டே பேசி முடிவெடுத்து, அன்றிரவே கிளர்ச்சியைத் தொடங்கினார்கள். அது நசுக்கப்பட்ட பிறகு கறுப்பர்கள் கூடுவதற்கே கெடுபிடி வந்தது.

கரிமூட்டம், உங்கள் ஊரிலேயே எமன்சிபேஷன் பார்க் இருக்கிறதே, போயிருக்கிறீர்களா? 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அந்த நாளைக் கொண்டாட இடம் கேட்டால் கிடைக்காது என்று, 1872இல் கறுப்பர்களே காசு சேர்த்து வாங்கிய நிலம் அது. அன்று முதல் ஜூன்டீன்த் (அந்த ஜூன் 19இன் பெயர்) என்றால் பார்பெக்யூவும் சிவப்பு நிறப் பானமும். 2021இல்தான் அது தேசிய விடுமுறை ஆனது.

---

வைகைக்கரை | மதுரை | (உங்க ஊர்ல 12:30)

எல்லாம் சரி, என் ஆட்டுக்கறி?

---

சார்லட்_சங்கர் | மதியம் 12:50

மன்னிச்சுக்க தம்பி, மறந்தே போச்சு. கென்டக்கியில ஓவன்ஸ்பரோங்கிற ஊருக்குப் போகணும். 1816ல வெளிநாட்டுக் கம்பளிக்கு இறக்குமதி வரி போட்டாங்க, உள்ளூர்ல கம்பளிக்காக ஆடு வளர்க்க ஆரம்பிச்சாங்க. கம்பளி எடுத்து ஓய்ஞ்ச கிழட்டு ஆட்டை என்ன செய்யறது? சும்மா வேகவச்சா ரப்பர். குழியில போட்டு ராத்திரி முழுக்கப் புகைச்சாங்க, இளகிடுச்சு. மேல ஊத்தறது கருப்பா ஒரு தண்ணி சாஸ், வூஸ்டர்ஷையர் சாஸும் வினிகரும் கலந்தது. நல்ல முத்தின கிடா வாசனை அடிக்கும். நம்ம ஆளுங்க யாரைக் கூட்டிக்கிட்டுப் போனாலும் அங்கேதான் ரெண்டாவது தட்டு கேட்கறாங்க.

---

கரிமூட்டம் | சனி, மாலை 5:40

மதியம் ஒண்ணரைக்கு உள் சூடு 95. துண்டுல சுத்தி ஐஸ் பெட்டிக்குள்ள (ஐஸ் இல்லாம) ரெண்டு மணி நேரம் ஓய்வு. இப்பத்தான் வெட்டினேன்.

நேர்மையாச் சொல்றேன். கொழுப்பு இருந்த தடிமன் பக்கம் பஞ்சு. மெல்லிசுப் பக்கம் காய்ஞ்சு போச்சு. காலையில உங்க பதிவுகளைப் படிச்சுட்டு ஆலீஸ், பெர்ரின்னு தேடிக்கிட்டே போனதுல ஒரு விறகு அதிகமாத் தள்ளிட்டேன்.

அதனால வெஸ்லி ஜோன்ஸ் சொன்னதைச் செஞ்சு பார்த்தேன். அளவு அவர் சொல்லலை, கைக்கு வந்தபடி. சேஜ் இலை கிடைக்கலை, மத்தது எல்லாம் அடுக்களையில இருந்தது. கொத்தமல்லி விதையை லேசா வறுத்து ஒண்ணுரெண்டாத் தட்டிப் போட்டேன். பழைய வேட்டித் துணியை ஒரு கம்புல சுத்தி, காய்ஞ்ச பக்கத்தை மட்டும் திரும்பத் தணல் மேல காட்டித் தடவினேன். சொட்டினதும் சுர்ர்னு ஒரு புகை எழும்புது பாருங்க, வெண்ணெயும் மல்லியும் வினிகரும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்து வீட்டம்மா "என்னத்தைப்பா தடவறே?"னு எட்டிப் பார்த்துக் கேட்டாங்க. வெஸ்லி ஜோன்ஸ் பேரைச் சொன்னேன். யூனியன் கவுன்ட்டி ஆளான்னு கேட்டாங்க. அவங்களோட பாட்டி அந்த ஊராம். ஒரு தட்டு அங்கே போயிருக்கு.

சங்கர், அடுத்த சனிக்கிழமை பன்றித் தோள்பட்டை. தோத்துட்டேன்னு எழுதிக்காதீங்க. எந்த வினிகர்னு மட்டும் சொல்லுங்க.

---

சார்லட்_சங்கர் | மாலை 5:52

ஆப்பிள் வினிகர். கெச்சப் பாட்டிலைப் பக்கத்து அறையில வச்சுப் பூட்டிட்டு ஆரம்பிங்க.

---

தணல்தங்கம் | மாலை 6:10

அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதாம போயிடாதீங்க.